துடுப்புப் படகில் போட போலரைஸ்டு கூலிங் கிளாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயாக், கேனோ, நின்றுகொண்டு துடுப்பு போடும் பலகை என எதில் போனாலும், தலைக்கு மேல் அடிக்கும் வெயிலைவிடத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்தான் கண்ணை அதிகம் வருத்துகிறது. ‘போலரைஸ்டு’ என்ற ஸ்டிக்கரை நம்பிக் கண்ணாடி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். படகில் போடும் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் போதாது. முன்னால் வரும் தண்ணீரில் பாறை எங்கே, ஆழம் எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவும் அது உதவ வேண்டும்.

போலரைஸ்டுன்னா என்ன? சாதாரண கூலிங் கிளாஸ் போட்டா ஆகாதா?

சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீரின் பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது அதில் பெரும்பங்கு கிடைமட்டமாக அதிரும் ஒளியாகிவிடுகிறது. கண்ணைக் கூச வைக்கும் அந்த வெள்ளைப் பளபளப்பு இதுதான். போலரைஸ்டு லென்ஸுக்குள் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது கிடைமட்ட அதிர்வை விழுங்கிக்கொண்டு செங்குத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும். இந்தப் படலத்தைத் தகடாகச் செய்யும் வழியை அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லேண்ட் கண்டுபிடித்த பிறகு, 1930களில் அது கூலிங் கிளாஸுக்கு வந்தது.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லா வெளிச்சத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது. கூச்சம் குறையும்போது, அடியில் கிடக்கும் பாறையிலிருந்து வரும் வெளிச்சமும் அதே அளவு குறைந்துவிடும். ஆகவே முன்பு பாறை தெரியவில்லை என்றால் இப்போதும் தெரியாது. போலரைஸ்டு லென்ஸ் பளபளப்பை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்துவதால்தான் தண்ணீருக்கு உள்ளே பார்க்க முடிகிறது.

போலரைஸ்டு வாங்கினா யூவி பாதுகாப்பும் சேர்ந்தே வந்துடுமா?

வராது. இரண்டும் வேறு வேறு வேலை. புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் கலந்திருக்கும் சேர்மங்களும்தான். லேபிளில் ‘யூவி 400’ என்று இருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்று அதற்குப் பொருள்.

யூவி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். லென்ஸ் இருட்டாக இருப்பதால் கண்ணின் பாவை விரிகிறது, கண் சுருக்குவதும் நின்றுவிடுகிறது, கதிர் உள்ளே போக வழி அகலமாகிறது. புற ஊதாக் கதிர் கீழேயிருந்தும் வரும். கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும், காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொப்பி மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு கறுப்பா இருக்கணும்?

கூலிங் கிளாஸுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 12312-1இல் லென்ஸுகளை 0 முதல் 4 வரை பிரிவு பிரித்திருக்கிறார்கள். பிரிவு 2 என்றால் வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவீதம் கண்ணுக்கு வரும். பிரிவு 3இல் 8 முதல் 18 சதவீதம், பிரிவு 4இல் 3 முதல் 8 சதவீதம். இந்த எண் பெரும்பாலும் காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்திலோ கூட வரும் காகிதத்திலோ இருக்கும்.

திறந்த ஏரி, கடல், அகலமான ஆறு என்றால் பிரிவு 3 வாங்குங்கள். மரம் கவிந்த ஓடை, மலையிடுக்கில் ஓடும் ஆறு என்றால் பிரிவு 2 போதும். நிழலுக்குள் நுழையும்போது பிரிவு 3 திடீரென்று இருட்டாகிவிடும், ஒரு கிளையோ கல்லோ தெரியாமல் போகும். பிரிவு 4ஐப் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. படகை இறக்கவும் வீடு திரும்பவும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது தொல்லை.

சாம்பல், பிரவுன், பச்சைன்னு பல கலர் இருக்கே, எதை எடுக்கறது?

ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பிரவுன் அல்லது செம்பு நிறத்தை எடுங்கள். இந்த நிறங்கள் நீல ஒளியைக் கூடுதலாக வடிகட்டும். காற்றில் சிதறி மங்கலை உண்டாக்குவதில் நீலத்துக்குத்தான் பெரும்பங்கு என்பதால், அது குறைந்ததும் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். ஆழம் குறைந்த இடத்தில் கல்லுக்கும் மணலுக்கும் பாசிக்கும் உள்ள வித்தியாசம் எடுப்பாகத் தெரியும். முழங்கால் ஆழத் தண்ணீரில் படகின் அடி எங்கே தட்டும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை.

சாம்பல் நிறம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். கரை தெரியாத அகலமான நீர்ப்பரப்பில், நாள் முழுக்க உச்சி வெயிலில் இருப்பவர்களுக்குக் கண் களைப்பு குறைவாக இருக்கும். நீரில் வழிகாட்டும் மிதவைகளின் சிவப்பையும் பச்சையையும் உள்ளபடி பார்க்க வேண்டியவர்களுக்கும் சாம்பல்தான் சரி. ஆனால் அடியில் கிடப்பதை அது அவ்வளவு எடுத்துக்காட்டாது.

பச்சை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் விடியற்காலைக்கும் மேகமூட்டத்துக்கும்தான். நடுப்பகலில் போட்டால் வெளிச்சம் தாங்காது.

வெளிப்பக்கம் நீலமா, பச்சையா மின்னுதே, அதுதான் லென்ஸ் கலரா?

அது முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்ன, லென்ஸின் மேலே பூசிய பூச்சு. முந்தைய பதிலில் சொன்னது உள்ளே இருக்கும் அடிநிறத்தைப் பற்றி. நீலமாக மின்னும் லென்ஸுக்கு உள்ளே சாம்பலும் இருக்கலாம், செம்பும் இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கண்ணாடியைப் பிடித்து, லென்ஸ் வழியாகத் தாளைப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் அடிநிறம். மின்னும் பூச்சு இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். போலரைஸ்டு வேலையை அது செய்யாது. கீறலும் அதில்தான் முதலில் தெரியும்.

உண்மையிலேயே போலரைஸ்டா, ஏமாத்தறாங்களான்னு கடையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஃபோன் திரையை வெள்ளைப் பக்கமாக வைத்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து, கடிகார முள் போல மெதுவாக 90 பாகை சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் லென்ஸ் வழியே திரை கிட்டத்தட்டக் கறுத்துவிட வேண்டும். சில ஃபோன்களில் திரை கறுக்காமல் நிறம் மட்டும் மாறும், சிலவற்றில் எதுவுமே நடக்காது. திரையின் மேல் இருக்கும் படலம்தான் காரணம், கண்ணாடி போலி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அப்போது போலரைஸ்டு என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு கண்ணாடியை எடுத்து, ஒரு லென்ஸுக்கு மேல் இன்னொன்றைக் குறுக்காக வையுங்கள். இரண்டும் நல்லதாக இருந்தால் சேரும் இடம் கறுப்பாகும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மலிவான கண்ணாடிகளில் அடிக்கடி வரும் கோளாறு, இரண்டு லென்ஸிலும் படலம் ஒரே கோணத்தில் இல்லாமல் இருப்பது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பளபளக்கும் தரை டைலையோ மேசைக் கண்ணாடியையோ சாய்வாகப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் சாய்த்து, பளபளப்பு மிகக் குறைவாக இருக்கும் நிலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு மறு கண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் தலை நேராக இருக்கும்போதுதான் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தலையைச் சாய்த்தால்தான் சரியாகிறது என்றால் அந்தக் கண்ணாடி வேண்டாம். ஒரு கண்ணுக்குக் கூச்சமும் மறு கண்ணுக்கு இருட்டுமாக இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டால் தலைவலி வரும். உலோகப் பரப்பிலும் முகம் பார்க்கும் கண்ணாடியிலும் இதைச் சோதிக்க முடியாது. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரில் திரும்புவதைப் போல வடிகட்டப்பட்டு வருவதில்லை.

கண்ணாடி லென்ஸா, பிளாஸ்டிக் லென்ஸா?

நிஜக் கண்ணாடியில் பார்வை மிகத் தெளிவாக இருக்கும், கீறலும் எளிதில் விழாது. ஆனால் கனம். பாறையிலோ துடுப்பிலோ அடித்தால் உடையும். அமைதியான நீரில் போகிறவர்களுக்குச் சரி, வேகமான ஆற்றுக்கு வேண்டாம். பாலிகார்பனேட் அடி தாங்கும், எடை குறைவு, கீறல்தான் அதன் பலவீனம். கடினப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கும் நைலான் லென்ஸும் அடியும் தாங்கி, பாலிகார்பனேட்டைவிடத் தெளிவாகவும் இருக்கும். படகுக்கு எங்கள் முதல் தேர்வு இவைதான்.

டிஏசி என்று போட்டிருக்கும் லென்ஸ், படலத்தை இரண்டு மெல்லிய செல்லுலோஸ் தகடுகளுக்கு நடுவே ஒட்டிச் செய்வது. மலிவு, எடையும் இல்லை. பளபளப்பைத் தடுப்பதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் விளிம்பு வழியே ஈரம் ஏறி ஒட்டு விட்டுப்போகும் வாய்ப்பு இதில் அதிகம்.

ஃபிரேம்ல என்ன பார்க்கணும்?

முகத்தோடு வளைந்து ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தும் கீழேயிருந்தும் வரும். தட்டையான ஃபிரேமில் அது லென்ஸின் உட்புறத்தில் பட்டு நேராகக் கண்ணுக்குள் தெறிக்கும். லென்ஸின் உட்புறத்தில் எதிரொளி தடுக்கும் பூச்சு இருந்தால் நல்லது. உள்விளிம்பு கறுப்பாக இருக்கும் தொப்பியைச் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

மூக்கிலும் காதிலும் ரப்பர் இருக்கட்டும். வியர்வையில் நழுவாத வகையா என்று, நெற்றியையும் மூக்கையும் ஈரமாக்கிக்கொண்டு தலையை வேகமாகக் குலுக்கிப் பாருங்கள். கடலில் போகிறவர்கள் ஸ்பிரிங் வைத்த உலோகக் கீலைத் தவிர்க்க வேண்டும். உப்பு உள்ளே போய் இறுகிவிடும். ஹெல்மெட் போடுகிறவர்கள் ஹெல்மெட்டோடுதான் கண்ணாடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். காது கம்பி தடிமனாக இருந்தால் அரை மணியில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும்.

தண்ணில விழுந்தா போச்சா?

பெரும்பாலான கூலிங் கிளாஸ்கள் மூழ்கும். ‘மிதக்கும்’ என்று விற்பவையும் உண்டு, ஆனால் பவர் லென்ஸ் மாற்றியபின் அதே ஃபிரேம் மூழ்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். மிதந்தாலும் ஓடும் ஆற்றில் அது உங்களுக்கு முன்னால் போய்விடும். அதனால் எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் தலைக்குப் பின்னால் இறுக்கிக்கொள்ளும் பட்டை வேண்டும். மிதவை நுரை வைத்த பட்டை கண்ணாடியின் எடையைத் தாங்குகிறதா என்று அதே வாளியில் பாருங்கள்.

பட்டையைத் தளர்வாகக் கழுத்தில் தொங்கவிடக் கூடாது. கவிழ்ந்தால் கண்ணாடி முகத்தை விட்டுக் கழன்று, மிதவை அங்கியின் கொக்கியிலோ கிளையிலோ மாட்டும். பின்மண்டையில் ஒட்டினாற்போல இறுக்கி, ஹெல்மெட் இருந்தால் அதற்கு அடியில் விட்டுவிடுங்கள். பலமாக இழுத்தால் தானே கழன்றுவிடும் வகை இன்னும் பாதுகாப்பு.

எனக்கு பவர் இருக்கு. என்ன பண்றது?

போலரைஸ்டு லென்ஸிலேயே பவர் போட்டு வாங்குவது நல்ல வழி. ஆனால் மேலே சொன்ன வளைந்த ஃபிரேமில் அதிகப் பவர் சரியாக உட்காராது, ஓரங்களில் பார்வை வளையும். உங்கள் பவர் அதிகமென்றால், வளைவு குறைந்த ஃபிரேமை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் பெரிய போலரைஸ்டு கண்ணாடி செலவு குறைந்த வழி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தை நன்றாக மறைக்கும். கிளிப் வகை ஒரு அலை அடித்தாலே போய்விடும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே சாதாரண போலரைஸ்டு மாட்டுகிறவர்களும் உண்டு. ஆற்று நீரிலும் ஏரி நீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் சிக்கினால் கண்ணின் கருவிழிப் படலத்தைக் கடுமையாகப் பாதிக்கும். கவிழ வாய்ப்புள்ள நீரில் கான்டாக்ட் லென்ஸைத் தவிருங்கள்.

அலை அடிக்கற இடத்துக்குப் போனா பனி மாதிரி மூடிக்குதே?

முகத்தின் சூடும் வியர்வையும் வெளியேற வழியில்லாததுதான் காரணம். முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சொன்னோம், அதற்காக நெற்றியிலும் கன்னத்திலும் அழுந்தக் கூடாது. இமை லென்ஸில் உரசாத அளவு இடைவெளியும், மேல் விளிம்பில் காற்றுத் துளையும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சாயங்காலம் போலரைஸ்டு போட்டும் கண்ணு கூசுது. கண்ணாடி கெட்டுப்போச்சா?

கெடவில்லை. போலரைஸ்டு லென்ஸ் முழுத் திறனோடு வேலை செய்வது சூரியன் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும்போதுதான். சலனமில்லாத நீரில் அது அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை. அந்த நேரத்தில் தெறிக்கும் ஒளி முழுக்கக் கிடைமட்டமாக அதிர்கிறது, லென்ஸ் அதை அப்படியே நிறுத்திவிடும். சூரியன் 10 பாகைக்கு இறங்கும்போது, தெறிக்கும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செங்குத்தாக அதிரும். அது லென்ஸைத் தாண்டி வந்துவிடும். சூரியனை நோக்கித் துடுப்பு போட வேண்டிய மாலைகளில் தொப்பியின் விளிம்பைத் தாழ்த்துங்கள், முடிந்தால் கொஞ்சம் கோணலாகப் போங்கள்.

தலைச் சாய்வும் ஒரு காரணம். 10 பாகை சாய்த்தால் கிடைமட்ட ஒளியில் 3 சதவீதம் நுழையும், 20 பாகையில் சுமார் 12 சதவீதம், 45 பாகையில் பாதி. படகோடு சேர்ந்து தலையையும் சாய்க்கிறவர்களுக்குத் திருப்பங்களில் மட்டும் கூச்சம் வருவது இதனால்தான். அலை அதிகமுள்ள நீரில் ஒவ்வொரு அலைமுகமும் வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் மினுமினுப்பு முழுவதும் போகாது.

ஜிபிஎஸ் திரை கறுப்பாயிடுது, என்ன செய்ய?

கடையில் ஃபோனை வைத்துச் சோதித்தபோது நடந்ததே இது. திரையிலும் ஒரு போலரைஸ்டு படலம் இருக்கிறது. கருவியைப் படுக்கைவாக்கில் திருப்பி மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். திரை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் கரையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வேகமான ஆத்துல போலரைஸ்டு போடக்கூடாதுன்னு சிலர் சொல்றாங்களே, நிஜமா?

அதில் விஷயம் இருக்கிறது. ஆற்றைப் படிப்பவர் தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் போலவே மேற்பரப்பையும் படிக்கிறார். பாறைக்கு மேல் வழுவழுப்பாக ஏறி விழும் நீர், அடியிலிருந்து கொப்பளித்து வரும் நீரின் தட்டையான பளபளப்பு, காற்று வருவதைக் காட்டும் சிற்றலைகள் எல்லாம் தெறிப்பொளியால்தான் எடுப்பாகத் தெரிகின்றன. அந்தத் தெறிப்பைப் போலரைஸ்டு அழித்துவிடும். நுரை மட்டும் முன்போலவே வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது.

எங்கள் கருத்து: ஏரி, கடல், மெதுவான ஆறு என்றால் தயங்காமல் போலரைஸ்டு. வேகமான ஆற்றில் வெயில் கடுமையாக இருந்தால் செம்பு நிறம், பிரிவு 2. சந்தேகமான இடத்தில் தலையை ஒருமுறை பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து நிமிருங்கள். சாய்க்கும்போது மேற்பரப்பும், நிமிரும்போது அடியும் தெரியும். நிழல் அதிகமுள்ள இடத்தில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் லென்ஸில் தங்கும்போது, கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவதே நல்லது.

அடி நல்லாத் தெரியுதுன்னு காலை வெச்சா ஆழமா இருக்கே?

போலரைஸ்டு பளபளப்பை நீக்கும், ஒளி வளைவதைச் சரிசெய்யாது. நேர் கீழே பார்த்தால் 1 மீட்டர் ஆழம் சுமார் 75 சென்டிமீட்டராகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே வந்ததுபோல் இருக்கும். அடி தெளிவாகத் தெரியத் தெரிய, இறங்கிவிடலாம் என்ற தைரியமும் கூடுகிறது, ஆபத்தும் அங்கேதான். இறங்குவதற்கு முன் துடுப்பைச் செங்குத்தாக விட்டு அளந்து பாருங்கள்.

வெயிலுக்குத் தகுந்த மாதிரி நிறம் மாறற லென்ஸ் நல்லதா?

நிறம் மாறும் போலரைஸ்டு லென்ஸ் கிடைக்கிறது. வெயிலில் வேகமாகக் கறுக்கும், ஆனால் வெளுக்கச் சில நிமிடம் ஆகும். பாலத்துக்கு அடியில் நுழையும் அந்த நொடிக்கு அது உதவாது. சூடான நாளில் முழுதாகக் கறுக்கவும் செய்யாது.

உப்புத் தண்ணி பட்டா எப்படித் துடைக்கறது?

முதலில் துடைக்காதீர்கள், கழுவுங்கள். காய்ந்த உப்புக் கல்லையும் மணலையும் துணியால் தேய்த்தால் லென்ஸ் கீறும். நல்ல தண்ணீரை ஓடவிட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தடவி, மறுபடி கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கீலையும் திறந்து மூடியபடி கழுவுங்கள். வெந்நீர், அசிட்டோன், அமோனியா கலந்த ஜன்னல் திரவம் எதுவும் வேண்டாம். கொசு விரட்டித் தைலத்தில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், அதைத் தடவிய கையோடு கண்ணாடியைத் தொடாதீர்கள்.

லென்ஸ் ஓரத்துல குமிழி குமிழியா வருது. ஒட்ட முடியுமா?

முடியாது. டிஏசி லென்ஸைப் பற்றிச் சொன்ன ஒட்டு விடுதல் இதுதான். மூடிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவைத்தால் சீக்கிரமே வரும். குமிழி ஓரத்திலேயே நின்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நடுப்பக்கம் நகர்ந்தால், அல்லது தரை டைல் சோதனையில் ஒரு கண்ணுக்கு மட்டும் பளபளப்பு திரும்பி வந்தால், மாற்றிவிடுங்கள். பழையதை வீசாமல் நீர்புகாத பையில் உபரியாகப் போட்டு வையுங்கள். நடுவழியில் நல்லது தொலைந்தால், யூவி தடுக்கும் ஒரு பழைய கண்ணாடி கரை சேரும்வரை போதும்.